தூற்றுவதற்கு ஒரு பிடி மண்

இங்கே மந்தாரக்குப்பத்தில் மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்துக்குக் குண்டு வெடிக்கும். குண்டு என்று நான்தான் சொல்கிறேன். இவர்களுக்கு அது வெறும் வெடி. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கிற கல்லை உடைக்க வைக்கிறார்களாம். முதலில் சங்கு ஊதும். பிறகு நிலம் ஒருமுறை உதறும், தட்டில் இருக்கிற கோப்பைகள் கிலுகிலுக்கும். ஒரு குருவியும் தலை நிமிராது. டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார், பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நம்பவே ஏலாது. நான் மட்டும் தெருக்குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தேன்.

"இன்னா சிலோனம்மா, படுத்துக்கினு கெடக்கற? மைன்ஸ் வெடிதாம்மா. எய்ந்து கொடத்தப் புடி, தண்ணி போவுது" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்கிறவள். எங்கட ஊரில் சத்தம் கேட்டால் படுத்தேயாக வேண்டும் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். "தெனமுமா? அப்ப சோறு எப்ப ஆக்குவீங்க?" என்று கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள்.

என்ர மனுசன் தண்ணிப் பம்புக்கு ஒரு சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனவர். திரும்பி வரும்போது ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆம்பிளைகளை இறக்கினார்கள். பஸ் வந்தது, அவர் வரவில்லை. உடம்பைக்கூடத் தரவில்லை, பாவிகள். அன்றைக்கு ஆமிக் காம்ப் இருந்த திசையைப் பார்த்து, நகம் கிழியும்வரை றோட்டு மண்ணை வாரித் தூற்றினேன். நாசமாய்ப் போவீர்கள், உங்கள் வம்சம் விளங்காது, குடிக்கத் தண்ணியில்லாமல் சாவீர்கள் என்று கத்தினேன். எண்பத்தாறில் படகேறி இங்கே வந்த பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. விளக்கு வைக்கிற நேரம் தெற்கே பார்த்து ஒரு பிடி, நாள் தவறாமல்.

அஞ்சலைக்கு அது பிடிக்கவில்லை. "ஏம்மா, எங்க மண்ண எடுத்து எவனுக்கோ தூத்தறியே! எங்க ஊரையே சுரங்கத்துக்குக் குடுத்துட்டு இங்க வந்து வாடகைக்குக் குந்திக்கினு இருக்கோம். இருக்கற மண்ணையும் நீ வாரி வுடு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்நியன் மண்ணில் இட்ட சாபம் கடல் தாண்டிப் போய்ச் சேருமா என்ற பயம் எனக்கும் உள்ளூர இருந்தது.

பிறகு ஒருநாள் குழாயடியில் வெடிச் சத்தத்துக்கு நான் விழுந்தபோது, பக்கத்தில் இன்னொருத்தியும் விழுந்தாள். லலிதா. எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள், புருசனுக்கு லாரி ஷெட்டில் வேலை. பாலக்காட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டு, வாயே திறக்காமல் திரிந்தாள். ஈரத் தரையில் மூக்குக்கு மூக்கு நேராகக் கிடந்தோம். "பாலக்காட்டில எவன் பிள்ளை உனக்குக் குண்டு போட்டவன்?" என்று கேட்டேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கே, ஒருத்தருக்கும் சொல்ல வேணாம். நான் சிங்களம். புருசன் கொழும்புத் தமிழ். கலவரத்தில வீட்டை எரிச்சது, அதான் வந்தது."

கடவுள் கண் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதை உங்களுக்கு ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் தெருப் பெடியள் என் கதையைக் கேட்டுச் சூடாகிப் போயிருந்தார்கள். வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு வளையல்காரனை, தமிழ் தெரியவில்லை என்பதற்காகவே சிங்களவன் என்று அடித்து மண்டையை உடைத்திருந்தார்கள். இவளைப் பற்றி நான் அவர்களிடம் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கனகாலத்துக்குப் பிறகு சோறு ருசித்தது. குழாயடியில் அவளுடைய குடத்தைக் காலால் தள்ளிவிட்டேன், அவள் அதை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

வளையல்காரன் அடிபட்ட பிறகுதான் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் இருக்கிற வேலம்மாள் டீச்சர் சமாதானக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுசி. குவார்ட்டர்ஸ் பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறினார். "சண்டை வந்தா என்ன மிஞ்சும்னு அனுபவப்பட்ட நீங்க சொன்னாத்தான் இந்தப் பசங்க காதுல ஏறும். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல வந்து பேசுங்கம்மா" என்றார். வருகிறேன் டீச்சர் என்றேன். என்ன பேசப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மண்ணைத் தெற்கே தூற்றவில்லை. நேரே லலிதாவின் வாசலுக்குப் போய் அவளுடைய படியில் தூற்றினேன். அவள் வெளியே வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், ஏமாந்தேன்.

"அக்கே, தூற்று. ஆனா ஆமிக்குத் தூற்று" என்றாள். "எழுபத்தொண்டில சிங்களப் பெடியள் அரசாங்கத்துக்கு எதிரா எழும்பினது. அப்ப எங்கட ஊருக்கு மேல பிளேன் வந்து சுட்டது. அண்ணாவை அதே ஆமிதான் கொண்டுபோனது. ஆத்தில போட்டது, உடம்பும் தரல்ல. எங்கட அம்மா கோயில்ல தேங்கா உடைச்சு உடைச்சுச் சாபம் போட்டது. ஒண்டும் நடக்கல்ல. அண்ணாவை ஏன் கொண்டுபோனது எண்டு ஆமியை ஒருத்தரும் கேக்கல்ல, அக்கே. அதான் உங்கட ஆளுக்கும் வந்தது."

தேங்காயாம்! உன் அண்ணனும் என் மனுசனும் ஒன்றாடி என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் வீட்டுக்கு வந்து, கை கழுவாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். லலிதா புருசனோடு வந்து சுவர் ஓரமாக இருந்தாள். நான் பஸ் கதையைச் சொல்லி முடித்ததும், வளையல்காரனை அடித்த பெடியன் எழும்பினான். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். "அக்கா, அந்தப் பாலக்காட்டு அம்மா மேல எங்களுக்கு டவுட்டு. பேச்சே சரியில்ல. உங்களுக்குத் தெரியும், சொல்லுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு ஒரு கடலையை வாயில் போட்டான்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. லலிதா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். சொல் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அவன் கடலை மென்றதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனுசனுக்காக இவன் பழி எடுக்கப் போகிறானாம், கொறித்துக்கொண்டு!

"அது எங்கட ஊர்ப் பிள்ளை. என்ர தங்கச்சி முறை. கொழும்பில வளர்ந்தது, தமிழ் தடக்கும்" என்றேன். "நீ ஆரடா தம்பி என்ர பழியை எடுக்க? அது என்ர பழி. அவளில ஒரு விரல் பட்டாலும் உன்ர வாசலில வந்து நிண்டு மண் வாருவன்."

பெடியன் மெல்வதை நிறுத்தினான். புருசனைப் பறிகொடுத்தவள் வாரும் மண்ணுக்கு இந்த ஊரிலும் பயம் இருக்கிறது. அவன் உட்கார்ந்த பிறகு ஒருவரும் எழும்பவில்லை. வேலம்மாள் டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சமாதானம் பேசச் சொன்னா சாபம் போடுதீங்களேம்மா" என்றார். எனக்குத் தெரிந்த சமாதானம் அவ்வளவுதான் டீச்சர் என்றேன்.

நான் ஒருத்தரையும் மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு ஊரில் யாரும் மாறிக் கதைக்க வேண்டாம். அந்த ஆமி அழியட்டும்.

அடுத்த நாள் சங்கு ஊதியது, வெடித்தது, குழாயடியில் நானும் லலிதாவும் விழுந்தோம். எழும்பும்போது இரண்டு பேர் உள்ளங்கையிலும் சேறு. தெற்கே திரும்பி நான் தமிழில் திட்டித் தூற்றினேன். அவளும் பக்கத்தில் நின்று சிங்களத்தில் ஏதோ சொல்லித் தூற்றினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் என்ன சொன்னாள் என்று தெரியும்.

"ஒண்ணு பத்தாதுன்னு இப்ப ரெண்டா?" என்று அஞ்சலை கத்தினாள். "எங்க மண்ண வுட்டுட்டு உங்க மண்ண வாருங்கம்மா!"

ஈர மண் பறக்கவில்லை. பாதி எங்கள் கால்களுக்கு முன்னாலேயே விழுந்தது, மீதி விரல்களில் ஒட்டிக்கொண்டு நின்றது.