டாக்டரம்மாவின் செங்கல் வரிசை

மாட்டின் வாலைத் தூக்குவதற்கு முன்பே டாக்டரம்மா நின்று ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார். உதவிக்கு உடன் போகும் நான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"கன்னு போட்டு ஆறு நாளா? கருப்பையில சீழ் பிடிச்சிருக்கு."

ஆள் குள்ளம். ஐம்பது வயது. இடது கையில் வளையல், கடிகாரம் எதுவும் கிடையாது. நகம் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கும். "இது மாட்டுக்கு, வலது சோத்துக்கு" என்பார். தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பேருந்தில் பக்கத்து ஆள் எழுந்துவிடுவார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. பையை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார்.

நஞ்சுக்கொடி விழாத மாட்டைக் காட்டி, கையை விட்டு இழுக்கச் சொன்னால் மாட்டவே மாட்டார். "இழுத்தா பாதி வரும், மீதி கிழிஞ்சு உள்ளயே நிக்கும். அது தானா விழட்டும், காய்ச்சலை நான் பாத்துக்கிறேன்." இதற்கு ஊர் வைத்த பெயர், இழுக்காத டாக்டர். சோம்பேறி என்றும் சொல்கிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் தொங்கும் கொடியில் செங்கல்லையோ பழைய செருப்பையோ கட்டிவிடுகிறார்கள், கனத்துக்கு விழுந்துவிடும் என்று. டாக்டரம்மா கண்ணில் பட்டால் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஆஸ்பத்திரிச் சுவரோரம் பதினேழு செங்கல், ஒரு பழைய செருப்பு. செங்கல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூந்தொட்டி. "என் சம்பாத்தியம்" என்று காட்டுகிறார்.

அன்று போயிருந்தது தையல்காரர் வீடு. இருப்பது இந்த ஒரே மாடு. காய்ச்சல் நூற்றைந்து, தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க. கொடி தானா அறுந்துச்சு" என்றார் தையல்காரர். அவர் மனைவி தரையைப் பார்த்தார். மாட்டின் பின்தொடையில் ஒட்டியிருந்த கயிற்று நாரை டாக்டரம்மா எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"வெள்ளிக்கிழமை மாட்டு வியாபாரி வர்றாருங்க. கிடைச்ச விலைக்குத் தள்ளிடலாம்னு பாக்கிறேன்."

"அது போச்சுன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிங்க" என்றார் மனைவி.

"வெள்ளி வரைக்கும் நாலு நாள் குடுங்க. ஊசி போடுறேன். நான் சொல்ற வரைக்கும் பாலைக் கீழ கொட்டுங்க, யாருக்கும் ஊத்தாதீங்க."

தினமும் வந்தார். கொட்டகைக் கதவில் சாக்பீஸால் காய்ச்சலை எழுதினார். நூற்றைந்து, நூற்றிநாலு, மறுநாளும் நூற்றிநாலு. அன்று அவர் ஊசியை மூடிவிட்டு வெகுநேரம் மாட்டின் முதுகைச் சொறிந்துகொண்டே நின்றார். ஒரே நாள்தான் மிச்சம்.

நாலாம் நாள் காலை குனிந்து மருந்துப் பையைத் திறந்தவர் சட்டென்று பின்னால் இழுபட்டார். மாடு அவர் துப்பட்டாவைக் கடித்து மென்றுகொண்டிருந்தது. "பசிக்குதாடி உனக்கு?" என்று அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். காய்ச்சல் நூற்றியிரண்டு, மாட்டுக்கு அது இயல்பான சூடு. தையல்காரர் மனைவி வாய்விட்டு அழுதுகொண்டே புல் அள்ள ஓடினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். வியாபாரி வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் தையல்காரர் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் கட்டியிருந்த வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்து ஒரு செங்கல்லை எடுத்தார். அதைச் சுற்றிக் கயிறு அப்படியே இருந்தது. தலையைக் குனிந்தபடி வரிசையின் கடைசியில் வைத்தார்.

டாக்டரம்மா உள்ளே போய், மண் நிரப்பித் தயாராக வைத்திருந்த தொட்டியைத் தூக்கிவந்து அதன் மேல் வைத்தார்.