நேப்பிள்ஸ் நகரில் நல்லம்மாள்

நல்லம்மாள் தன் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் ஊர் சுற்றிப் பார்த்தாள். 1926ஆம் வருஷம், மே மாதம், ஒரு சனிக்கிழமை. இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் என்கிற பழைய நகரம். நானோ கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் சரக்குச் சீட்டு எழுதுகிற கிராணி. கிள்ளான் துறைமுகத்துக்கு மேற்கே நாகப்பட்டினத்தைத் தவிர வேறு ஊர் அறியாதவன். ஆனாலும் அந்த நாளுக்கு நான்தான் பொறுப்பு. அன்று அவள் பட்ட சந்தோஷத்தை இங்கே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து எழுதி அனுப்பியவன் நான்.

நல்லம்மாள் குடும்பம் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்வரிசையில் இருந்தது. புருஷன் பக்கிரிசாமிக்குத் தண்டவாளம் பழுது பார்க்கிற வேலை. அவள் கிள்ளானில் ஒரு தோட்டத்துத் துரை வீட்டில் ஆயா. ஒல்லியான உடம்பு, நீளமான நாக்கு. துரையின் மூன்று வயதுப் பையன் அவள் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். துரைசானிக்கு நெஞ்சுக் கோளாறு வந்து துரை நீண்ட லீவில் கிளம்பியபோது, ஆயா இல்லாமல் பையன் சாப்பிடமாட்டான் என்று அவளையும் கூட்டிப்போனார்கள். எட்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். பத்து மாதக் கைக்குழந்தை தங்கமணியை நாத்தனார் வள்ளியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போகச் சொன்னது பக்கிரிசாமி. நானும் தலையாட்டினேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதுவது, துரைசானி அதைத் தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் வாசித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. நல்லம்மாளுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

“வெள்ளைக்காரங்க கெட்ட சேதின்னா மறைச்சிருவாங்க, அண்ணே. பிள்ளை நல்லா இருந்தா காயிதத்துல நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி அனுப்புங்க. கையில வாங்கினதும் எனக்குத் தெரிஞ்சிரும்” என்றாள்.

கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதைப் போலத்தான். முதல் கடிதத்தில் மஞ்சள் இல்லை. குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வயிறு வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அது தபாலில் போன நான்காம் நாள் தங்கமணி இறந்துபோனாள்.

குழியை மூடிவிட்டு வந்த மறுநாள் பக்கிரிசாமி என் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

“பிள்ளை நல்லா இருக்குன்னு எழுதுங்க, கிராணியாரே. நல்லம்மா அங்க தன்னந்தனியா கெடக்குது. சேதி தெரிஞ்சா கடல்ல குதிச்சிரும். வந்த பிறகு நானே பக்குவமா சொல்லிக்கிறேன்” என்றான். போகத் திரும்பியவன், “மஞ்சளும் நீங்களே தடவிருங்க. எங்க வீடு தீட்டு” என்றான்.

என் மனைவி தனலெட்சுமி உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “என் அடுப்படி மஞ்சளை இந்தப் பொய்க்குத் தரமாட்டேன்” என்று டப்பாவைத் தூக்கி மேலே வைத்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, திருடனைப் போல எடுத்துத் தடவினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் அப்போது நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பக்கிரிசாமி கேட்டது ‘நல்லா இருக்கு’ என்பது மட்டும். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது என்று சேர்த்தது நான். வெறும் சுகம் என்றால் நம்பமாட்டாளே என்று எனக்கு அப்படியொரு கெட்டிக்காரத்தனம்.

துரை குடும்பம் நேப்பிள்ஸுக்குக் கொஞ்ச தூரத்தில் கடற்கரை வீடொன்றில் தங்கியிருந்தது. முதல் கடிதம் வந்ததிலிருந்து நல்லம்மாள் சோற்றில் கை வைக்கவில்லை. துரைசானி கெட்டவள் இல்லை.

“சனிக்கிழமை நேப்பிள்ஸ் போறது. அங்கே தபால் ஆபீஸ்ல உன் காயிதம் வரும். பிள்ளை சுகம் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை கப்பல்ல உன்னை அனுப்புறேன்” என்று சொல்லியிருந்தாள். அந்தக் கப்பலில் பினாங்குக்கு வருகிற ஒரு குடும்பம் அவளைக் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமையை நல்லம்மாளே பின்னால் எனக்கு ஒரு அடி விடாமல் சொன்னாள். காலையில் தபால் ஆபீஸ் போனால், கப்பல் தபால் இன்னும் பிரிக்கவில்லை, மூன்று மணிக்கு வா என்றார்களாம். அதுவரை சும்மா இருப்பானேன் என்று துரை குதிரைவண்டி பிடித்தார். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள் பின்னால் ஏறினாள்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த கோட்டையைப் பார்த்தாள். தூரத்தில் புகை விடுகிற மலையைப் பார்த்தாள். சந்துகளில் வீட்டுக்கு வீடு கயிறு கட்டித் தலைக்கு மேலே துணி காயப்போட்டிருந்தார்கள்; ஒரு ஆள் தெருவில் நின்று இடியாப்பம் மாதிரி ஒன்றைக் கையால் தூக்கி அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டிருந்தான். வேறொரு நாளாக இருந்தால் அவனைப் பார்த்து ஊர் சிரிக்க ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அப்புறம் ஒரு பெரிய மண்டபம், கை இல்லாத தலை இல்லாத கல் சாமிகள் வரிசையாக. பின்னமான சிலையை ஆற்றில் விடாமல் இப்படிக் கூட்டி வைத்திருக்கிறார்களே, இன்றைக்குப் பார்த்தா இதைப் பார்க்க வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணி என்ன என்று துரையைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

மத்தியானம் ஒரு மாதா கோயிலுக்குள் போனார்கள். அங்கே ஒரு பக்கத்துச் சுவர் முழுக்க வெள்ளித் தகட்டில் கண், கை, கால், தொட்டில் குழந்தை. யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மாரியம்மனுக்கு நாம் செலுத்துகிற உருதானே? பையனைக் கீழே இறக்கிவிட்டு, கல் தரையில் விழுந்து கும்பிட்டாள். காயிதத்தில் மஞ்சள் இருந்தால் இன்றைக்கே ஒரு வெள்ளிப் பிள்ளை வாங்கி வைக்கிறேன், தாயே என்று நேர்ந்துகொண்டாள். தங்கமணியைப் புதைத்து அன்றைக்கு இருபத்தேழு நாள்.

மூன்று மணிக்குத் துரை தபால் ஆபீஸுக்குள் போனார். இவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கடிதக் கட்டோடு படி இறங்கும்போதே, ஒன்றின் மூலை மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

“அதோட என் கால் தரையில இல்லை, அண்ணே” என்றாள் என்னிடம்.

துரைசானி கடிதத்தை வாசித்தாள். காய்ச்சல் விட்டது, பால் குடிக்கிறாள், இரண்டு பல். அந்தப் பல்லை மட்டும் மூன்று தரம் திருப்பி வாசிக்கச் சொன்னாளாம். துரைசானியும் அழுதாளாம். பிறகு எல்லோருமாகப் போய் வெள்ளிக் குழந்தை ஒன்று வாங்கி, இவளே தன் கையால் கோயில் சுவரில் மாட்டினாள். தெருவோரம் உட்கார்ந்து ஐஸ் தின்றாள். கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருவில் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். இங்கிலாந்துக்கும் வருகிறாயா என்று துரைசானி கேட்டபோது உடனே சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் அவள் இல்லாமல் போயிற்று.

எட்டு மாதம் பதினான்கு மாதமாக நீண்டது. மாதம் ஒரு கடிதம். ‘வந்த பிறகு சொல்லிக்கிறேன்’ என்பதற்கு மேல் பக்கிரிசாமிக்கு வார்த்தை இல்லை. ஆகையால் எல்லாம் என் கைங்கரியம். தவழ வைத்தேன், எழுந்து நிற்க வைத்தேன், நடக்க வைத்தேன். வள்ளியம்மாவின் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடி வாய்க்காலில் விழுந்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை எழுதும்போது நானே சிரித்தேன்.

அவள் வந்த அன்று கிள்ளான் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். பக்கிரிசாமி வரவில்லை. அவள் பிளாட்பாரத்தில் நின்று, இடுப்புயரத்தில் யாரையோ தேடினாள். நான் சரக்குக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டேன். கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது பின்வரிசையில் அவள் போட்ட கூச்சல் ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்தாள். தனலெட்சுமி பாய் போட்டும் உட்காரவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. நின்றபடியே அந்த நேப்பிள்ஸ் நாளைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள்.

“செத்த பிள்ளைக்கு உசிர்ப்பிச்சை கேட்டேன். கிடைச்சிருச்சுன்னு காணிக்கையும் போட்டேன்” என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“பல்லு முளைச்சுதுன்னு எழுதினீங்களே?”

“நான் எழுதினதும்மா.”

“கோழியைத் துரத்தினது?”

“அதுவும் நான்தான்.”

“அம்மான்னு சொன்னது? அதையாவது அவரு எழுதச் சொன்னாரா?”

“இல்லை.”

என் கையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அவரு புதைச்சது கைப்பிள்ளையை. அந்த இடத்தை வள்ளியம்மா காட்டுனா, விழுந்து அழுதுட்டு வந்தேன். ஓடித் திரிஞ்ச பிள்ளை ஒண்ணு எனக்கு ஒரு வருசமா இருந்துச்சே, அண்ணே? அதை நீங்க எங்க புதைச்சீங்க?”