புருவ நூல் சுற்றிய ஊசித்தலை

போன மாசி மாதம் நடந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் மருமகள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஒரே அறை, நடுவில் திரை. கதவில் ‘பெண்கள் மட்டும்’ என்று எழுதியிருக்கிறதாம். எனக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் மரியாதையாக வாசலிலேயே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மூட்டு தேய்ந்த பிறகு காடுகழனி வேலை செய்ய முடியவில்லை. மகன் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். வீட்டில் தனியாகச் சுவரைப் பார்ப்பதற்கு இங்கே நாலு பேரைப் பார்க்கலாம் அல்லவா?

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் மருமகள்தான். அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால், “அது வேணாம் மாமா” என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள்.

அவளிடம் இன்னொரு பேனாவும் இருக்கிறது. கரண்டில் ஓடுவது. அதன் முனையில் பொடிப்பொடி ஊசிகள் வைத்த ஒரு சின்னத் தலையை மாட்டுவாள். கார்ட்ரிட்ஜ் என்பாள், எனக்கு அது ஊசித்தலை. முகப்பரு வந்து பள்ளம் விழுந்த கன்னத்தில் அந்த ஊசிகள் படபடவென்று கொத்தும். கொத்தின இடத்தில் புதுத் தோல் வந்து பள்ளம் மேடேறும் என்று சேலத்தில் போய்ப் படித்துவிட்டு வந்தாள். ஒரு முகத்துக்குப் போட்ட தலையை அடுத்த முகத்துக்குப் போடவே மாட்டாள். ஒரு டப்பாவில் போட்டு மூடிவைப்பாள்.

பள்ளம் என்றதும் என் முகத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எனக்குப் பெரியம்மை போட்டது. உயிரை விட்டுவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டது. பெண் பார்க்கப் போன அன்று, விளக்கை எனக்குப் பின்னால் வைக்கச் சொன்னார் பெரியப்பா. சின்னசேலம் கமிட்டி மண்டிக்கு நெல் கொண்டுபோனால் விலை பேச அண்ணன் போவார், நான் மூட்டைகளோடு நிற்பேன். யாரும் என்னைப் போகாதே என்று சொன்னதில்லை. நானாகவேதான் நின்றேன். சரி, அதை விடுங்கள்.

அன்று வந்த பெண் கல்வராயன் மலைக்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். இங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை, கடைக்காரர்கள் கொடுத்த ரூமில் தங்கியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை ஊசி வைத்துக்கொண்டவள். வாரத்தில் ஒருநாள் லீவு, அதை இதற்கென்று வைத்துக்கொண்டு வந்தாள். மரத்துப்போகிற கிரீமை முகம் முழுக்கப் பூசிக்கொண்டு படுத்திருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து பேசுவது வாசலுக்கு நன்றாகக் கேட்கும்.

“மேல கொஞ்சம் நல்லா பண்ணிவுடுங்கக்கா. அடுத்த வாரம் திருவிழா கூட்டத்துக்கு கவுண்டர்ல நிக்க ஆள் பாக்கறாங்க. என்ன உள்ள மூட்ட பிரிக்கத்தான் வுட்டுகினு இருக்காரு மேனேஜரு.”

“ஏன், பொடவ எடுத்துக் காட்டத் தெரியாதா உனுக்கு?”

“எல்லாம் தெரியும். மூஞ்சி தெரியுதில்ல?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மருமகள் திரையை விலக்கி, “மாமா, கொஞ்சம் உள்ள வாங்க” என்றாள். ஆபத்துக்கு போர்டு கிடையாது என்று உள்ளே போனேன்.

வழக்கமாக வாங்குகிற கடையில் ஊசித்தலை தீர்ந்துபோய், போனில் ஆர்டர் போட்டு வரவழைத்திருந்தாள். பார்க்க அச்சாக அதே மாதிரி. ஆனால் மாட்டினால் ‘டக்’கென்ற சத்தம் வரவில்லை. பேனாவின் வாயைத் துடைத்துப் பார்த்தாள். திருப்பி மாட்டினாள். பெட்டியிலிருந்து வேறொன்று எடுத்தாள். எல்லாமே பல் விழப்போகிற மாதிரி ஆடின. விற்றவனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை.

“இன்னா மாமா பண்றது? கிரீம் வேற போட்டாச்சி.”

எனக்கு அதைப் பார்த்ததும் வயலில் பூச்சி மருந்து அடிக்கிற டேங்க் ஞாபகம்தான் வந்தது. எங்கள் பக்கம் டேங்கின் முனை லூசாகிவிட்டால் கடைக்கெல்லாம் ஓடமாட்டோம். மரையில் நாலு சுற்று நூல் சுற்றித் திருகிவிட்டால் ஒரு சொட்டு ஒழுகாது. எத்தனை போகம் அப்படியே ஓட்டியிருக்கிறேன்!

“நூல் குடும்மா” என்றேன்.

பார்லரில் நூலுக்கா பஞ்சம்? புருவம் எடுக்கிற நூல் உருண்டையை நீட்டினாள். ஊசித்தலையின் கழுத்தில் சுற்றி, அழுத்தி உள்ளே தள்ளினேன். இறுகிப்போய் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சுவிட்சைப் போட்டதும் ஊசியும் ஓடியது.

“தாத்தா பெரிய மெக்கானிக்கா இருப்பாரு போலருக்கே” என்றாள் படுத்திருந்தவள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு பேனாவை அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். அந்த நேரத்தில் என் வாயில் பழைய பழக்கம் ஒன்று வந்தது. புது முனை போட்டால் நாங்கள் நேராகப் பயிரில் மருந்து அடிக்கமாட்டோம். வெறும் தண்ணீர் ஊற்றி ஒருதடவை தரையில் அடித்துப் பார்ப்போம்.

“இரும்மா. மொதல்ல தண்ணி வுட்டுப் பாக்கணும்.”

“கரண்டு சாமானுக்கு எப்புடி மாமா தண்ணி வுடறது?”

வாசலில் என் காய்கறிப் பை இருந்தது. அதிலிருந்து நல்லதாக ஒரு தக்காளியை எடுத்துக்கொடுத்தேன். மருமகள் அதைத் துடைத்து, முகத்தில் வைக்கிற மாதிரியே பேனாவை மெதுவாக வைத்து நகர்த்தினாள்.

புள்ளி விழவில்லை. கோடு விழுந்தது. பூனை பிராண்டின மாதிரி தோல் கிழிந்து, சாறு அவள் விரல் வழியாக வடிந்தது.

கிழிந்த தக்காளியையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நூல் ஒருபக்கம் தடிப்பாக விழுந்து தலை சாய்ந்திருக்கிறது, ஊசிகள் சாய்வாக இறங்கி இழுத்திருக்கின்றன. மருமகள் டப்பாவைத் திறந்து, போட்டுக் கழித்த தலை ஒன்றை இடுக்கியால் எடுத்துப் புதியதன் பக்கத்தில் பிடித்தாள். பழையதன் அடியில் இரண்டு பக்கமும் சின்ன வெட்டு இருந்தது. புதியதில் இல்லை.

“இது வேற பேனாவோடது” என்றாள். சட்டென்று அழுதுவிட்டாள். “தெரியாம வெச்சிருந்தா உம் மூஞ்சி இன்னா ஆயிருக்கும்!”

நூல் சுற்றியவன் நான். அந்தப் பெண் திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்து மருமகளின் கையைப் பிடித்தாள். “அய்ய, வுடுங்கக்கா. தக்காளிதான போச்சி. சரியான தல வந்ததும் வரேன். இந்தக் கன்னம் எங்க ஓடிடப் போவுது?”

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவளுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன். உதடு மரத்திருந்ததால் டீ ஓரமாக வழிந்தது. அது வழிவதே அவளுக்குத் தெரியவில்லை. கன்னத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“மூஞ்சியே இல்லாத மாரி இருக்குது தாத்தா.”

“பயமா இருக்காம்மா?”

“இல்ல. நல்லாருக்கு.”

டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பார்ப்பவர்கள்தான் எனக்குப் பழக்கம். இவள் நேராகவே பார்த்தாள்.

“இந்த மரப்பு தெளியறதுக்குள்ள போயி கவுண்டர்ல நிக்க மேனேஜர கேட்டுட்டு வந்துடறேன். இன்னிக்கி அவுரு எப்புடிப் பாத்தாலும் எனுக்கு உறைக்காது” என்றாள்.

நிஜமாகவே போய்விட்டாள். லீவு நாளில், பவுடர்கூடப் போடாத முகத்தோடு, கன்னத்தைத் தட்டிக்கொண்டே சந்து முனையில் திரும்பினாள். மருமகளும் நானும் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். போகாதே என்று கூப்பிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது எனக்கு.

அடுத்த மாதம் சரியான தலைகள் வந்த பிறகு அவளும் வந்தாள். புடவை கவுண்டர் கொடுக்கவில்லையாம். குழந்தைகள் துணி கவுண்டரில் நிறுத்தியிருக்கிறார்களாம்.

“புள்ளைங்க மூஞ்சியெல்லாம் பாக்கறதில்ல தாத்தா, பலூன் இருக்கான்னுதான் கேக்குதுங்க” என்றாள். பிறகு திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டு, “தாத்தா, சத்தம் வருதான்னு நீங்களும் கேட்டுக்கோங்க” என்று குரல் கொடுத்தாள்.

‘டக்’கென்று வந்தது. அப்படியும் மருமகள் முதலில் ஒரு தக்காளியில்தான் வைத்துப் பார்த்தாள். இப்போதெல்லாம் பார்லரில் எப்போதும் தக்காளி இருக்கிறது. புள்ளி வைத்ததைக் குப்பையில் போட்டுவிடுவோம், வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டோம். அதையும் சொல்லச் சொல்கிறாள் மருமகள்.

இன்றைக்கும் திரைக்குப் பின்னால் அந்த ‘டக்’ கேட்டால் என் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. மூட்டைகளை விட்டுவிட்டு ஒருநாளாவது நானே போய் விலை பேசியிருக்கலாமே என்று, அந்தப் பெண் நடந்துபோன சந்து முனையைப் பார்த்தபடி நினைத்துக்கொள்கிறேன்.