நண்டுக் கம்பனியில் நாற்பது வீதம்

தனியார் பங்கு முதலீடு என்பது பிறர் வளர்த்த கம்பனிக்குள் பணத்தோடு நுழைந்து, அதைப் பெருக்கி, நல்ல விலை வரும்போது நம் பங்கை விற்றுவிட்டு வெளியேறும் தொழில். இதைப் பலமுறை விளக்கியும் என் தாயார் அயலாரிடம் நான் வங்கியில் வேலை செய்வதாகவே சொல்லி வருகிறார். தம் தொழில் இன்னதென்று வீட்டாருக்கு விளங்கவைக்க முடியாத அனைவரும் என் இனத்தார். ஊர்காவற்றுறையில் ஒரு நண்டுக் கம்பனியின் பங்கை வாங்க நான் பட்ட பாட்டை உங்களை நம்பியே எழுதுகிறேன்.

கம்பனி றெஜினா அக்காவுடையது. முப்பது பெண்கள் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். அது யாழ்ப்பாண நகரிலுள்ள ஓர் ஏற்றுமதிக்காரருக்குப் போகும். அடுத்த பருவத்துக்குள் குளிரறை கட்டாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக அவர் அறிவித்துவிட்டார். வங்கி வட்டி அக்காவுக்குத் தாங்காது. ஆகவே எங்கள் நிதியம் என்னை அனுப்பியது.

வட்டி இல்லாத பணம்

"எவ்வளவு வட்டி?" என்பதுதான் அக்காவின் முதற் கேள்வி. வட்டி இல்லை, இது கடனே இல்லை, கம்பனியில் நாற்பது வீதம் எங்களுக்கு வரும் என்றேன்.

"லாபம் வராட்டி?"

"எங்களுக்கும் வராது, அக்கா."

"நீங்கள் ஏதும் காசு குடுத்து மதம் மாத்திற சபைக்காரரோ?"

இல்லை என்றேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பட்டப்படிப்பில் எங்கள் தொழிலுக்குப் பல வரைவிலக்கணங்கள் படித்திருக்கிறேன். அக்காவுடையதை எந்தப் பேராசிரியரும் தரவில்லை. "வட்டியும் கேக்கேல்லை, ஞானஸ்நானமும் கேக்கேல்லை எண்டா, பிள்ளை, நீர் பெரிசா என்னத்தையோ கேக்கத்தான் வந்திருக்கிறீர்."

போகும் திகதி

என் மேலாளர் கொழும்பிலிருந்து வந்தார். ஈரத் தரையில் போட்ட பிளாஸ்டிக் கதிரையில், காற்சட்டையின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி அமர்ந்து, ஐந்து வருடத்தில் எங்கள் பங்கை விற்றுவிட்டு விலகுவோம் என்றார். எங்கள் தொழில் வட்டாரத்தில் இதைச் சொன்னால் நேர்மையானவர் என்று மதிப்பார்கள்.

"ஆருக்கு விப்பியள்?" என்று அக்கா கேட்டார்.

"நல்ல விலை தருகிறவர்களுக்கு."

அக்கா நண்டு உடைக்கும் மேசைப் பக்கம் திரும்பினார். "பெட்டையள், கேட்டனீங்களே? போற திகதியைச் சொல்லிப்போட்டுத் தாலி கட்ட வாற மாப்பிள்ளையை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

திங்கட்கிழமை

திங்கட்கிழமைகளில் தொழிற்சாலை வெறுமையாக இருப்பதை மேலாளர் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை இங்கு வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை; நண்டு தானாக நடந்து வருவதுமில்லை. இந்த உற்பத்தி இழப்பைச் சீர்செய்ய வேண்டுமென்று கொழும்பிலிருந்து குறிப்பு வந்தது. எழுதியவர் அவர், அதை நேரில் சொல்லித் திட்டு வாங்கும் பொறுப்பு என்னுடையது. இத்தகைய பங்கீடு உங்கள் அலுவலகங்களிலும் இருக்கும்.

அக்கா கோபிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வள்ளம் எல்லாம் சும்மாதான் கிடக்குது. உங்கட மேலாளர் வலையோட இறங்கட்டும். நாங்கள் பூசை முடிச்சு வந்து கரையில நிண்டு பாக்கிறம்."

கையெழுத்துக்கு உரியவர்

திங்கட்கிழமையைத் திட்டத்திலிருந்து நீக்கினேன். எல்லாம் சரியாயிற்று என்று நினைத்தபோது காணி குறுக்கே வந்தது. தொழிற்சாலை நிற்பது அக்காவின் சீதனக் காணியில். அதைக் கம்பனியின் பெயருக்கு மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கென்றே உள்ள தேசவழமைச் சட்டப்படி மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரு பெண், தன் தாய் தந்த நிலத்துக்கு, தன்னிடமே சம்பளம் வாங்கும் லொறிச் சாரதியிடம் அனுமதி பெற வேண்டும். இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம்.

அந்தச் சாரதிதான் கணவர் அல்பிரட் அண்ணை. தொழிற்சாலைத் திறப்பு விழாவின் நன்றியுரையில் அக்கா பங்குத்தந்தையை, கடற்றொழிலாளர் சங்கத்தை, பந்தல் போட்டவரைக்கூட நினைவுகூர்ந்தார். கணவரின் பெயரை விட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே பானையில் சாப்பாடு. தகவலெல்லாம் பிறர் மூலம்.

அண்ணையிடம் போனேன். "நான் மாட்டன் எண்டு சொல்லேல்லையே. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் இப்ப கேக்கிறன்தானே, அண்ணை."

"காணி உம்மடையோ?"

அக்காவிடம் வந்தேன். "சம்பளம் வாங்கிற ஆளிட்ட முதலாளி போய்க் கெஞ்சிறதோ? குளிரறை இல்லாட்டிப் போகட்டும்." மேசையிலிருந்த பெண்களின் கைகள் நின்றன. அவர்களில் ஒருத்தி தலை நிமிராமல் என்னிடம் சொன்னாள்: "இவையின்ர கோவத்துக்கு எங்கட அடுப்பெல்லோ அணையப்போகுது."

நொத்தாரிசின் மேசை

குளிரறை வேலையைத் தொடங்க ஏற்றுமதிக்காரர் தந்த தவணையின் கடைசி நாளில், காணிப் பத்திரம் எழுதும் நகரத்து நொத்தாரிசிடம் இருவரையும் வரவழைத்தேன். அக்கா என் காரில் வந்தார். அண்ணை அன்றைய நண்டுப் பெட்டிகளோடு லொறியில் வந்து, அதை வாசலில் நல்ல வெயிலில் நிறுத்தினார். நொத்தாரிசு காணி உறுதியை வாசித்து முடித்துப் பேனையை நீட்டினார். அண்ணை அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். நொத்தாரிசு விளக்கினார். நான் விளக்கினேன். மின்விசிறி சுழன்றது.

அக்கா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். லொறியின் பின்பக்கத்திலிருந்து ஐஸ் தண்ணீர் தெருவுக்கு வடிந்துகொண்டிருந்தது. அக்கா அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சருங்கோ," என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கணவனை மட்டுமே அப்படி அழைப்பாள். "நண்டு பழுதாப் போகுது. கையெழுத்து வைக்கிறதெண்டா வையுங்கோ, இல்லாட்டி லொறியை எடுங்கோ."

அவர் முடிப்பதற்குள் அண்ணை கையெழுத்திட்டுவிட்டார். அவசரத்தில் சாட்சிக்குரிய இடத்திலும் இட்டதால் நொத்தாரிசு அந்தப் பக்கத்தை மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையும் வைத்துவிட்டு, லொறியின் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "பாத்தீரே, பிள்ளை? கேட்டாத் தராத ஆளோ நான்?"

குளிரறை எழும்பிவிட்டது, கொழும்பு அறிக்கையில் இது எங்கள் பேச்சுவார்த்தைத் திறமையின் வெற்றி என்று பதிவாகியிருக்கிறது, சம்பள உயர்வு நெருங்குவதால் நானும் அதை மறுக்கவில்லை.