பந்தல் கடைக்கு ஒரு செயற்கை மூளை

செயற்கை நுண்ணறிவில் மென்பொருள் செய்வது பெரிய காரியமில்லை. அதைச் செய்கிறவள் ஆபீஸ் வேலையை இன்னும் விடவில்லை என்று நாலு பேரை நம்ப வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய காரியம். பகலெல்லாம் ஒரு முதலாளிக்கும் மிச்சப் பொழுதெல்லாம் சொந்தக் கம்பெனிக்கும் உழைத்து, இரண்டு பக்கமும் சோம்பேறி என்று பெயரெடுத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். அறிவுரை மட்டும் அனுப்ப வேண்டாம்.

நான் கேரள எல்லையோரப் பாறசாலைக்காரி. பல்கலைக்கழகத்தில் கணினி முதுகலை முடித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய நிரல்களில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். என் சுபாவத்துக்குப் பொருத்தமான வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் தமிழில் தொடங்கிய வாக்கியத்தை மலையாளத்தில் முடிப்பார். நடுவில் இங்கிலீஷ் ஏறி இறங்கும். இதைக் கேட்டால் பெரிய கம்பெனிகளின் மென்பொருள்கள் "மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்கின்றன. நாங்கள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? இந்தக் கோபத்தில்தான் நானும், கூடப் படித்த செங்கல் ஊர் பியூலாவும் சேர்ந்து மினியைச் செய்தோம்.

மினி என்பது ஒரு மென்பொருள். பந்தலும் நாற்காலியும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடைகளுக்கானது. கடைக்குப் போன் செய்யும் வாடிக்கையாளர் எந்தக் கலவையில் பேசினாலும் புரிந்துகொண்டு, அதே கலவையில் பதில் சொல்லி, என்ன பொருள், எந்தத் தேதி, எந்த வீடு என்று கடைக்காரரின் போனில் எழுதி வைத்துவிடும். அது ஓடுவதற்கான செலவு என் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. அங்கன்வாடி டீச்சரான என் அம்மா அதைக் கண்டுபிடித்தாள். இந்தக் கல்யாண சீசன் முடியும்போது மினி தன் செலவைத் தானே பார்த்து மிச்சமும் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மூடிவிட வேண்டும் என்று தீர்ப்பு. நான் வாதாடினேன். தோற்றேன். சம்மதித்தேன்.

ரயிலில் ஒரு ஆலோசகர்

மினியின் பெரும்பகுதி காலை ரயிலில் எழுதப்பட்டது. மடியில் கணினி, அதன் மேல் பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கை, தலைக்கு மேல் யாரோ ஒருவரின் சோற்றுப் பை. எதிரே தினமும் ஒரு சேச்சி உட்காருவார். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை என் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் இது என்ன என்று கேட்டார்.

கேட்டுவிட்டாரே என்று பாலராமபுரம் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது, எழுத்திலிருந்து பொருளை எடுப்பது, தப்பாக எடுத்தால் திருத்துவது என்று ஒன்று விடாமல். அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. இப்படி ஒரு நல்ல மாணவி எனக்கு அமைந்ததே இல்லை என்று நான் நெகிழ்ந்திருந்தபோது, இறங்குவதற்காக எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"இது ஒக்க கொள்ளாம், நல்லாட்டிருக்கு மோளே. சர்க்கார் வேலைக்குள்ள பரீட்சை எப்பளாக்கும் எழுதப் போறது?"

முதல் வாடிக்கையாளர்

குன்னத்துகாலில் ஸ்டீபன் அண்ணனின் கடைதான் அந்த வட்டாரத்தில் பெரிது. அவர் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள், அவர் வேண்டாமென்றால் கதை முடிந்தது. நானும் பியூலாவும் போய் நின்றதும் அவர் எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். கம்பெனியிலிருந்து ஆம்பளைகள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். நாங்கள்தான் கம்பெனி என்றேன். அப்படியானால் மெஷினைச் செய்தது யார் என்றார்.

நான் சும்மா இருப்பேனா? பெண்கள் கணினிக்கு என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதில் தொடங்கி, அவருடைய கடைக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பதில் வந்து நின்றேன். பார்ப்பது அவருடைய மனைவி. உள்ளேயிருந்து அந்த அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. பியூலா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். ஸ்டீபன் அண்ணன் பொறுமையாக என்னை முடிக்கவிட்டு, மினியிடம் இரண்டு மொழியிலும் குறுக்குக் கேள்விகள் கேட்டார். அது அடக்கமாகப் பதில் சொன்னது. போனை மேஜைமேல் வைத்தார்.

"பிள்ளே, இந்த மெசினு ஒன்னைய மாதிரி எதுத்துப் பேசாதுண்ணா, நான் எடுக்கியேன்."

மினிக்கு மரியாதை பழக்கியது

முதல் வாரமே புகார். கல்யாணம் என்று ஒருவர் வாயைத் திறந்ததும் மினி "எத்தனை நாற்காலி, என்ன தேதி?" என்று கேட்டிருக்கிறது. எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கல்யாண விஷயத்தை அப்படி ஆரம்பிக்கமாட்டார்கள். பெண்ணுக்கா பையனுக்கா, எந்த ஊரில் சம்பந்தம், பையனுக்கு என்ன ஜோலி, நல்லபடியாக நடக்கட்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் நாற்காலி. நேரே நாற்காலிக்குப் போனால் துட்டில் மட்டும் கண் என்று அர்த்தம். ஒரு ரிட்டயர்டு சார் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயேவிட்டார்.

இதெல்லாம் நேரத்தை வீணாக்குவது, மினி பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நமக்குச் செலவு என்று ஸ்டீபன் அண்ணனிடம் சண்டை போட்டேன். அவர் அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பியூலா சர்ச் ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்து மினிக்கு விசாரிக்கக் கற்றுக் கொடுத்தோம். பெண் வீடா பையன் வீடா என்று கேட்கும், வாழ்த்தும், பெரியவர்களின் உடம்பைக் கேட்கும், அப்புறம் தயங்கித் தயங்கி நாற்காலிக்கு வரும். ஆர்டர்கள் கூடின. போன சார் திரும்பி வந்தார். அவர் மனைவி கடையில் நேரிலேயே வந்து விசாரித்தாராம்:

"ஒங்க கடையில போன் எடுக்கிய மினி நல்ல அடக்கமுள்ள பிள்ளையாக்கும். அவளுக்கு மாப்பிள பாக்கியளா?"

திரையில் வந்த அண்டா

ஆபீசில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். கம்பெனி வேலைக்கும் பாத்திர வாடகைக்கும் ஒரு போட்டியும் இல்லை என்று மூன்று பத்தி வாதம் எழுதியிருந்தேன். யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் மேனேஜர் சாருக்கு மனசில் ஒரு நெருடல். முழுமனசோடு வேலை செய்ய வேண்டும் என்று என்னைப் பார்த்தே மீட்டிங்கில் சொல்வார்.

அப்படி ஒரு மீட்டிங்கில் என் திரைதான் எல்லாருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கஸ்டமர்களும் இருந்தார்கள். நான் ஒரு பெரிய பிழையை விளக்கிக்கொண்டிருக்கும்போது, மூலையில் ஸ்டீபன் அண்ணனின் செய்தி விரிந்தது: சாம்பார் அண்டா வந்து சேர்ந்துவிட்டது, மூடியைக் காணவில்லை, மினியிடம் கேட்டுச் சொல். மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அனுமதிக் கடிதத்தைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, வாதத்துக்குத் தயாராகத்தான் போனேன். அவர் கதவைச் சாத்தினார். தங்கைக்குக் கல்யாணம் வருகிறதாம், பாத்திரத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார்களாம். குரலைத் தாழ்த்தினார்.

"ஆ அண்டா நமக்குக் கிட்டுமோ?"

பத்தாம் தேதி

இனிமேல்தான் விஷயம். எங்கள் பக்கத்து இந்து வீடுகளில் நல்ல காரியத்துக்குப் பெரியவர்கள் இங்கிலீஷ் தேதி சொல்லமாட்டார்கள். மாதத் தேதிதான். சில வீட்டில் மலையாள மாதம், சில வீட்டில் தமிழ் மாதம். மலையாளச் சிங்ஙமும் தமிழ் ஆவணியும் ஏறக்குறைய ஒன்று. சில வருஷம் ஒரே நாளில் பிறக்கும், சில வருஷம் சிங்ஙம் ஒரு நாள் பிந்தும். மினிக்கான மாதக் கணக்கைச் செய்தது பியூலா. அவள் இரண்டையும் ஒன்றாகவே போட்டுவிட்டாள். சரிபார்க்க வேண்டிய நான், பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவள், ஆகா என்று சொல்லிவிட்டேன்.

சிங்ஙம் பிந்திய வருஷம் இது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீடு. பையனின் தாய்மாமா மினியிடம் ஆவணி பத்து கல்யாணம் என்று சொல்லியிருக்கிறார். மினி அதைச் சிங்ஙம் பத்து என்று எடுத்து, சாமான்கள் முந்தின நாள் போகும்படி எழுதி வைத்தது. அந்த முந்தின நாள்தான் உண்மையில் கல்யாண நாள். கல்யாணத்துக்கு முந்தின நாள், ஆவணி ஒன்பது காலையில், மாமா கடைக்குப் போன் செய்து, பந்தல் எங்கே, பாயசம் வைக்கிற உருளி எங்கே என்று கேட்டார். ஸ்டீபன் அண்ணனின் சாமான்கள் அத்தனையும் அப்போது செங்கல் ஊரில் இன்னொரு கல்யாணத்தில் இருந்தன. இந்தக் கல்யாணம் முடங்கினால் அண்ணன் போய்விடுவார், அவரை நம்பி வந்த கடைகளும் போகும், அம்மாவின் தீர்ப்பு நிறைவேறும்.

அண்ணனின் போன் வந்ததும் நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு குன்னத்துகாலுக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸிலிருந்தே பியூலாவைக் கூப்பிட்டு, ஒரு மாதக் கணக்கைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று கத்தினேன். அவளும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

"எட்டீ, எங்களுக்குக் கிறிஸ்மஸ் எந்தக் காலத்திலயும் டிசம்பர் இருபத்தஞ்சாக்கும். ஆவணியும் சிங்ஙமும் ஒனக்க வீட்டுச் சமாச்சாரம், நீயாக்கும் பாத்திருக்கணும்."

போட்டிக் கடையில்

ஸ்டீபன் அண்ணன் சரக்கு ஆட்டோவில் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே பாறசாலையில் சசி அண்ணன் கடைக்குப் போனார். சசி அண்ணன் அவருடைய பரம எதிரி. மினியை விற்கப் போனபோது என்னை வாசலோடு திருப்பி அனுப்பியவரும் அவரே. ஆனால் பந்தல் கடைக்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. எவ்வளவு சண்டை என்றாலும், கல்யாணத்துக்கு முந்தின நாளான தலேநாள் வந்து பாத்திரம் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அவரவர் பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயிண்ட் அடையாளம். திரும்பி வந்தால் போதும். சசி அண்ணன் பையன்களை விட்டு உருளிகளை ஏற்றச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெஷின் மண்டையில் என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

தப்பு எங்களுடையதுதான், ஆனால் ஒரே நாட்டில் ஒரே சூரியனை வைத்து இரண்டு கணக்கு எழுதியவர்களையும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார். அவரும் ஒரு தடவை ஒரு நாள் முந்திப் போய்ப் பந்தல் போட, வீட்டுக்காரர்கள் அதில் துணி காயப்போட்டார்களாம். இந்த வட்டாரத்தில் அந்த அடி வாங்காத கடையே கிடையாதாம். இனி மினி ஒவ்வொருவரிடமும் மலையாள மாதமா, தமிழ் மாதமா, இங்கிலீஷில் என்ன தேதி என்று கேட்டு உறுதி செய்யும், பியூலா இப்போதுதான் மாற்றி முடித்தாள் என்றேன். இதை நீங்களே வாயால் கேட்டிருக்கலாமே என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"நாங்க கேட்டா, 'எலே, எனக்க வீட்டுக் கல்யாணத் தேதி எனக்குத் தெரியாதா'ண்ணு சண்டைக்கு வருவானுவ. மெசினுகிட்ட ஆரு சண்டைக்குப் போவா? எனக்கும் ஒண்ணு போடு மக்கா."

கல்யாண வீட்டில்

சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் சாமான்கள் போய்ச் சேர்ந்தன. அடியில் சிவப்புப் பெயிண்ட் உள்ளவை சசி அண்ணனுடையவை, செங்கலிலிருந்து முந்தித் திரும்பிய கொஞ்சம் மட்டும் ஸ்டீபன் அண்ணனின் பச்சை. தாய்மாமா இடுப்பில் கைவைத்து நின்றார். ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் தப்பு நடந்த இடத்தில் விளக்கம் சொல்லாமல் போவது என் கொள்கைக்கு விரோதம். ஆவணி எப்படிப் பிறக்கிறது, சிங்ஙம் ஏன் பிந்துகிறது, மென்பொருள் எங்கே வழுக்கியது, இனி ஏன் வழுக்காது என்று அவருக்கு முழுதாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு நாற்காலி அடுக்கை என் கையில் வைத்தார்.

"நீ சொல்லிய நியாயம் ஒக்க சரியாக்கும் பிள்ளே. இனி அந்தக் கசேரிய இஞ்ச நிரத்திப் போடு."

தீர்ப்பு

சசி அண்ணன் வாங்கினார் என்றதும் மற்றவர்கள் தாமாக வந்தார்கள், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும். எல்லாருக்கும் வேண்டியிருந்தது எந்த மாதக் கணக்கு என்று கேட்கும் அந்த ஒரு கேள்விதான். நாங்கள் இத்தனை மாதம் பெருமையாகச் செய்த மற்றதெல்லாம் அதோடு இலவச இணைப்பு போலப் போயிற்று. இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, ஆனால் மினி தன் செலவைத் தானே கட்டிவிட்டு எனக்கும் பியூலாவுக்கும் கொஞ்சம் தரத் தொடங்கியதால் அடக்கிக்கொண்டேன்.

சீசன் முடிந்ததும் அம்மாவிடம் போய் நின்றேன். சம்பளத்திலிருந்து இனி ஒன்றும் போகாது, மிச்சமும் வருகிறது, ஆபீஸ் வேலையும் இருக்கிறது, ஆகவே மூடமாட்டேன் என்று ஜெயித்தவளின் குரலில் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆபீசும் உண்டு, இதுவும் உண்டு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் நான் வீட்டில் இருக்கப்போவதில்லை, அப்படித்தானே என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். அடுத்த கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"அப்ப அந்த மினிகிட்ட சொல்லு, ஊரில உள்ளவங்களுக்க ஒடம்பெல்லாம் கேக்காளில்லா, தெனம் ஒருக்க என்னையும் விளிச்சு, சோறு உண்டியாண்ணு கேக்கச் சொல்லு."

முழுநேர வேலையோடு ஒரு மென்பொருள் கம்பெனியை லாபத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பணிவாகப் பேசும் வேலைகளை எல்லாம் மெஷினிடம் கொடுத்துவிட்டு, சண்டை போடும் வேலையையும் நாற்காலி தூக்கும் வேலையையும் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.