பாய் வரைந்த என் புண்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆபீசுக்குப் போகும்போது, காவேரிப் பாலத்தின் மேல் ஜட்கா வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சாமி, விஷயம் தெரியுமா? நம்ம டிரெஸ்ஸர் பாய் மவுத்தாயிட்டாரு. நேத்து மத்தியானமே அடக்கம் பண்ணிட்டாங்க." யுத்தம் தொடங்கியதிலிருந்து சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு மனசு மரத்துக் கிடக்கிறது. ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொன்னேன். ஆபீசுக்குப் போகத் தெம்பில்லை.

கோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டிய காதர் பாயிடம் காலை நீட்டியவர்கள் திருச்சியில் ஏராளம். முக்கால்வாசிப் பேர் என்னைப் போல் நீரிழிவுக்காரர்கள். அவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பங்குக்கு ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் என் வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு புண் வந்தது. வெறுங்காலோடு கோயிலைச் சுற்றியதில் எதுவோ குத்தியிருக்கிறது. உணர்ச்சி செத்த கால். தரையில் ரத்தக்கறையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் பார்ப்போம். சின்னதாகவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்" என்றார். நான் ரயில்வேயில் வரைபடம் வரைகிறவன், நாள் முழுக்கப் பலகை முன்னால் நிற்கிற வேலை. கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் வேறு.

பாய் கண்ணை நம்ப மாட்டார். "பார்த்துட்டு ஆறுதுன்னு சொல்றது நம்ம ஆசை சாமி. அளந்துட்டுச் சொல்லணும்" என்பார். வியாழன்தோறும் கட்டை அவிழ்த்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அப்புறம், என்னிடம் கேட்டு வாங்கிய ட்ரேசிங் தாளை ஸ்பிரிட்டில் துடைத்துப் புண்மேல் வைத்து, ஓரத்தைப் பென்சிலால் வரைவார். போன வாரத் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். இரண்டு வாரம் கோடு கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. மூன்றாவது வாரம் வெளியே தாண்டிவிட்டது.

"இனிப்பு சாப்பிடலியே?"

"இல்லை பாய்."

"நடக்கலியே?"

"வண்டியிலதானே வரேன்."

புண்ணின் ஓரத்தில் வெளுத்துச் சுருங்கியிருந்த தோலை விரலால் தொட்டார். "இது தண்ணில ஊறின தோலு. இங்கேருந்து போனதும் குளிக்கிறீங்களா சாமி?"

ஆமென்று தலையாட்டினேன். பாய் தொட்டுவிட்டாரே என்று, கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியதும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு குளிப்பேன். எங்கள் வீட்டு ஆசாரம் அப்படி. கட்டு நனைந்தால் துண்டால் ஒற்றிக்கொண்டு விட்டுவிடுவேன். அவர் மடியில் வைத்துத் துடைத்த காலை, அவர் தொட்டதற்காகவே ஊறவைத்துக்கொண்டிருந்தேன். என்ன ஜன்மம் நான்!

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. களைத்த முகத்தோடு புதுத் துணியை எடுத்துச் சுற்றினார். "குளிங்க சாமி, அது உங்க வழக்கம். இந்தக் கால மட்டும் ஒரு முக்காலி மேல தூக்கி வச்சுக்கிட்டுக் குளிங்க. ஆறுற வரைக்கும் இது என் கால்."

டாக்டரிடம் மன்றாடி இன்னும் ஒரு மாசம் வாங்கித் தந்தவரும் அவர்தான்.

அன்றோடு குளிப்பதை விட்டேன் என்று எழுத ஆசைதான். பொய். காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் குளித்தேன். கோடு மட்டும் உள்ளே நகர ஆரம்பித்தது. பலாக்கொட்டை அளவு புளியங்கொட்டை அளவாகி, மிளகளவாயிற்று. கடைசி வியாழக்கிழமை, என் காலைப் பார்த்தவர் பென்சிலைத் திரும்பவும் காதில் செருகிக்கொண்டார். "வரையறதுக்கு ஒண்ணுமில்ல சாமி" என்று வெறுந்தாளை என் கையில் கொடுத்தார். மற்றத் தாள்களோடு அதுவும் பீரோவில் இருக்கிறது.

செய்தி கேட்டு வீடு திரும்பிய அன்று நேரே கிணற்றடிக்குப் போனேன். என் மனைவி பதறி ஓடி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாளில், உறவில் சாவென்றால்தான் வந்ததும் வராததுமாக இப்படிக் குளிப்போம்.

"ஏன்னா, யார் போயிட்டா?"

"காதர் பாய்."

"அவருக்கு நாம ஸ்நானம் பண்ணணுமா?"

"பண்ணணும்."

அவள் மூலையில் கிடந்த பழைய முக்காலியை இழுத்துப் போட்டாள். வேண்டாமென்று தள்ளிவிட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

அந்த வலது கால் அவருடையது. நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.