குதிரையில் தோற்ற ராஜா

ஸ்பெயினின் ஹெரேஸ் ஊரில் கழுதை மேல் தண்ணீர் ஏற்றி விற்ற எலாதியோவின் நீண்ட முகம் ஓர் ஓவியருக்குப் பிடித்துப்போனது. போரில் தோற்றுத் திரும்பும் பழங்கால மன்னர் ரொத்ரிகோவாக வரைய, அவரைக் குதிரையில் ஏற்றினார். எலாதியோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நாட்டையே பறிகொடுத்த ஆளுய்யா நீ. கொஞ்சம் வருத்தமா இரேன்."

"எப்படிங்க முடியும்? இன்னைக்குத்தானே முதல் தடவையா குதிரை ஏறியிருக்கேன்."

மூன்றாம் நாள் மதிய வெயிலில் அவர் தலை தானாகக் கவிழ்ந்தது. ஓவியர் அவசரமாக வரைந்து முடித்தார்.

படத்தைப் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். மனைவி கசில்தா மட்டும் கணவரின் காதில், "சாப்பிட்ட கையோட நீங்க தூங்கி விழற மூஞ்சிதானே இது?" என்றாள்.

"மெதுவாச் சொல்லுடி. அழறவங்க அழட்டும்."

அன்று முதல் தெருவில் எல்லோரும் அவரை ராஜா என்றே கூப்பிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.